கப்பா, கிராமா? சமையலுக்கும் பேக்கிங்குக்கும் சரியா அளக்குறது எப்படி: முழு வழிகாட்டி

தீபாவளிக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு பிஸ்கட் போட ஆரம்பிச்சதும் எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் ஒரே ரகம்தான். "அக்கா, சுஜி பிஸ்கட் பரந்து போச்சு", "கேக் நடுவுல குழி விழுந்துடுச்சு", "ஓவன் சரியில்ல போல". ஓவனைத் திட்டுறதுக்கு முன்னாடி நான் கேக்குறது ஒண்ணுதான்: மாவை எதால அளந்தீங்க, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பாதி நேரம் வர்ற போட்டோவுல இருக்குறது ரைஸ் குக்கரோட வந்த கப்!

அதனால அளக்குறதை மட்டும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா எழுதிடறேன். வரிசை முக்கியம், முதல் மூணு படியைத் தாண்டிட்டு நேரா அஞ்சாவதுக்குப் போனீங்கன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல.

1. முதல்ல வேண்டிய சாமான்

ஒரு டிஜிட்டல் தராசு, 5 கிலோ வரைக்கும் தாங்குறது, 1 கிராம் வரைக்கும் காட்டுறது. இங்க சிங்கப்பூர்ல பூன் ஹுவாட், முஸ்தஃபா மாதிரி கடை, ஆன்லைன்னு எங்க வாங்கினாலும் சரி, விலை கூடுனா அளவு கூடுதலா சரியா இருக்கும்னு அர்த்தம் இல்ல. தட்டு அகலமா இருக்கணும், நம்பர் தட்டுக்கு வெளிய தள்ளி இருக்கணும், அதை மட்டும் பாருங்க. இல்லன்னா பெரிய கிண்ணத்தை வச்சதும் நம்பர் மறைஞ்சிடும், குனிஞ்சு எட்டிப் பாத்துக்கிட்டே மாவு கொட்டுறதுலதான் பாதி தப்பு நடக்குது.

இன்னொரு குட்டித் தராசு, நகை நிறுக்குற மாதிரி இருக்குமே, 0.1 கிராம் காட்டுறது. ஈஸ்ட், சோடா உப்பு, அகார் அகார் பவுடர் எல்லாம் அடிக்கடி யூஸ் பண்றவங்களுக்கு மட்டும் இது போதும், மத்தவங்க அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் ஒரு செட் அளவு ஸ்பூன், பக்கத்துல கோடு போட்ட கண்ணாடி ஜக் ஒண்ணு, நேரான முதுகு உள்ள கத்தி. அவ்வளவுதான். கலர் கலரா கப் செட் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

2. தராசை நம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணுங்க

புதுத் தராசா இருந்தாலும் சரி, பேட்டரி மாத்துனாலும் சரி, இதைச் செய்யுங்க. 2013ல வந்த புது சீரிஸ் சிங்கப்பூர் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) காசு ஒண்ணோட எடை 7.62 கிராம். பத்து காசைச் சேத்து வச்சா 76 காட்டணும். ஒண்ணு முன்னப் பின்ன இருந்தா பரவால்ல, 70ன்னோ 82ன்னோ காட்டுச்சுன்னா முதல்ல பேட்டரியை மாத்துங்க, அப்பவும் அப்படியேதான்னா தராசை மாத்துங்க.

அடுத்தது, அதே காசைத் தட்டோட நாலு மூலையிலயும் ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க. நடுவுல ஒரு நம்பர், ஓரத்துல ஒரு நம்பர்னா, இனிமே கிண்ணத்தை நடுவுல மட்டும்தான் வைக்கணும்.

வைக்கிற இடமும் இருக்கு. மேஜை விரிப்பு மேலயோ, ரப்பர் மேட் மேலயோ தராசை வைக்காதீங்க, காலு அமுங்கி நம்பர் ஆடும். நம்ம வீட்டுல சீலிங் ஃபேன் இல்லாம முடியாது, 1 கிராம் தராசுக்கு அதனால பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா குட்டித் தராசு காத்துக்கே 0.2, 0.3ன்னு ஆடும், அதை யூஸ் பண்ற ரெண்டு நிமிஷம் ஃபேனை நிறுத்திடுங்க. அடுப்புல இருந்து இறக்குன சூடான பாத்திரத்தை அப்படியே தராசு மேல வைக்கவும் கூடாது. உள்ள இருக்குற சென்சார் சூட்டுக்கு நம்பரை மாத்தும்.

யூனிட் பட்டனைப் பாக்காம விட்டுடாதீங்க. பெரும்பாலான தராசுல கிராம், அவுன்ஸ், மில்லின்னு மாறி மாறி வரும். கை தவறிப் பட்டு மில்லியில நின்னுடும், அதுல எண்ணெயை அளந்தா தப்பாத்தான் வரும், ஏன்னா தராசுக்கு உள்ள இருக்குறது எண்ணெய்ன்னு தெரியாது, எல்லாத்தையும் தண்ணியாவோ பாலாவோ நினைச்சுத்தான் கணக்குப் போடும். எப்பவும் கிராம்லயே வச்சுக்கங்க.

3. ரெசிப்பில சொல்ற கப் யாரோட கப்?

இங்கதான் நிறைய பேர் விழுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

அமெரிக்க ரெசிப்பில ஒரு கப்னா ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலிய ரெசிப்பில 250. ரைஸ் குக்கரோட வர்ற கப் 180 மில்லி, அது ஜப்பான்காரங்க அரிசி அளக்குற அளவு. அமெரிக்க ரெசிப்பியைப் பாத்துட்டு ரைஸ் குக்கர் கப்பால மாவு போட்டா கால்வாசி மாவு குறையும், ஆனா பட்டரை மட்டும் பாக்கெட்டைப் பாத்து கிராம்ல சரியா போட்டிருப்பீங்க, அப்ப பிஸ்கட் பரந்து ஓடாம வேற என்ன செய்யும்.

இதுக்கு மேல நம்ம வீட்டு அளவுகள் வேற. ஊர்ல இருந்து கொண்டு வந்த ஆழாக்கு, அம்மாவோட எவர்சில்வர் டம்ளர், "அந்த நீல மக்குல ரெண்டு" அப்படின்னு எழுதி வச்ச நோட்டு. ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும், அதனால இணையத்துல தேடி நேரத்தை வீணாக்காதீங்க. கையில இருக்குற பாத்திரத்தைத் தராசுல வச்சு, ஜீரோ பண்ணி, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. தண்ணி ஒரு மில்லி ஒரு கிராம்தான், அதனால காட்டுற கிராம்தான் அதோட கொள்ளளவு. பாத்திரத்துக்கு அடியில மார்க்கர்ல எழுதி வச்சிடுங்க, அதோட அந்தப் பிரச்சனை தீர்ந்துது. அம்மா பாத்திரத்துல தலை தட்டி அளப்பாங்களா, கும்பாச்சியா அளப்பாங்களான்னு மட்டும் போன் போட்டுக் கேட்டுக்கங்க, கும்பாச்சியா போட்டா தண்ணிக் கணக்கு ஒத்து வராது.

ஸ்பூன்லயும் இதே கதைதான். டீஸ்பூன் எல்லா இடத்துலயும் 5 மில்லி. டேபிள்ஸ்பூன் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் 15, ஆஸ்திரேலியாவுல 20. இங்க கடையில ஆஸ்திரேலிய சாமான் நிறைய கிடைக்கும், அதனால வாங்குன ஸ்பூன் செட்டுல கைப்பிடியில என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க. சோறு சாப்பிடுற ஸ்பூனை எடுத்து டேபிள்ஸ்பூன்னு சொல்லாதீங்க, ஒவ்வொரு கடையில வாங்குனதும் ஒவ்வொரு அளவு.

பாட்டி காலத்து ரெசிப்பி வச்சிருக்குறவங்களுக்கு இன்னொண்ணு. பழைய நோட்டுல கட்டி, தாஹில்னு அந்தக் காலத்து எடை அளவு இருக்கும். ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம், அதுல 16 தாஹில், அப்ப ஒரு தாஹில் 38 கிராம் சுத்தி. "அரைக் கட்டி மாவு, 6 தாஹில் சீனி"ன்னா 302 கிராம் மாவு, 227 கிராம் சீனி. இந்த மாதிரி ரெசிப்பிங்க உண்மையிலேயே நல்லா வரும், ஏன்னா அவங்க அன்னைக்கே எடை போட்டுத்தான் எழுதியிருக்காங்க.

4. ஒரே ஒரு தடவை கிராமா மாத்தி எழுதி வைங்க

எந்த நாட்டுக் கப்னு முடிவு பண்ணியாச்சுன்னா, சமைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முழு ரெசிப்பியையும் கிராம்ல எழுதிடுங்க. மாவுக் கையோட போன்ல கணக்குப் போடாதீங்க.

240 மில்லி கப்புக்கு நான் வச்சிருக்குற நம்பர் இது. மைதா, அதாவது இங்க பிளைன் ஃபிளவர்னு விக்கிறது, 120ல இருந்து 125. சீனி 200. பிரவுன் சீனி அமுக்கி வச்சா 215 பக்கம். ஐசிங் சீனி 115. கோக்கோ 85. பாதாம் பொடி 96. ரவை 165. பால் 245. எண்ணெய் 215 பக்கம். தேன் 340. பட்டர் 227.

மைதாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சண்டைன்னா, அது காத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். ஸ்பூனால அள்ளி அள்ளிக் கப்புல போட்டுக் கத்தியால வழிச்சா 120 கிராம். அதே கப்பை மாவு டப்பாவுக்குள்ள விட்டுக் குத்தி எடுத்தா 150 தாண்டும். ஒரே கப், ஒரே ஆளு, ஒரே மாவு. மூணு கப் போடுற ரெசிப்பில 90 கிராம் வித்தியாசம்னா அது வேற ரெசிப்பி. நம்பலன்னா இன்னைக்கே ரெண்டு விதமாவும் அள்ளி நிறுத்துப் பாருங்க.

மாவைச் சலிக்கிறதைப் பத்தியும் கேப்பாங்க, அளந்துட்டுச் சலிக்கணுமா, சலிச்சுட்டு அளக்கணுமான்னு. கப்புல அளந்தா அது பெரிய வித்தியாசம், சலிச்ச மாவு லேசா இருக்கும். கிராம்ல அளந்தா எப்ப சலிச்சாலும் ஒண்ணுதான், அந்தக் கவலையே வேண்டாம்.

பட்டர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ரெசிப்பில ரெண்டு ஸ்டிக் பட்டர்னா 227 கிராம். நம்ம ஊர்ல நிறைய பிராண்டு 250 கிராம் கட்டியா வரும், சிலது 227, சிலது 200. "ஒரு கட்டி"ன்னு நினைச்சு முழுசா 250ஐப் போட்டா 23 கிராம் கூடிடும், பிஸ்கட்டுக்கு அது நல்லாவே தெரியும். பேப்பர்ல போட்டிருக்குற கோட்டை நம்பி வெட்டாதீங்க, பேப்பர் நகர்ந்திருக்கும், வெட்டினதை நிறுத்துடுங்க.

5. நிறுக்குற வரிசை

முதல்ல எல்லா சாமானையும் மேடைக்கு எடுத்து வைங்க. இடையில போய் சீனி தேடுனா தராசு தானா அணைஞ்சிடும், ஜீரோ பண்ணது எல்லாம் போயிடும். அதுக்கு ஒரு வழி இருக்கு, அடிக்கடி யூஸ் பண்ற கிண்ணத்தோட வெறும் எடையை அதோட அடியிலயே எழுதி வச்சிடுங்க. தராசு அணைஞ்சாலும் திரும்ப ஆன் பண்ணி, மொத்த எடையில இருந்து கிண்ணத்தைக் கழிச்சா விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

தராசை ஆன் பண்ணி, ஜீரோ வந்த பிறகுதான் கிண்ணத்தை வைக்கணும். அப்புறம் டேர் பட்டனை அமுக்குங்க, கிண்ணத்தோட எடை போய் மறுபடி ஜீரோ வரும். இப்ப மாவு. அடுத்து திரும்ப டேர், அடுத்த சாமான். ஒவ்வொரு சாமானுக்கும் முன்னாடி டேர், இதை மறக்குறவங்கதான் அதிகம், மறந்தா முன்னாடி போட்டதையும் சேத்துக் காட்டும்.

பெருசா உள்ளதை முதல்ல போடுங்க, மாவு, சீனி. 300க்கு 308 விழுந்தா ஸ்பூனால எடுத்துடலாம். ஆனா உப்பு, சோடா உப்பு, ஈஸ்ட், மசாலா இதை எல்லாம் எக்காரணம் கொண்டும் பெரிய கிண்ணத்துல நேரா நிறுக்காதீங்க. கை தவறி உப்பு 12 கிராம் விழுந்துடுச்சுன்னா மாவுக்குள்ள இருந்து பொறுக்கி எடுக்க முடியுமா? தனி சின்னத் தட்டுல நிறுத்து, நம்பர் சரின்னு பாத்து, அப்புறம் கொட்டுங்க. ரெண்டு பாத்திரம் கூட கழுவணும், அவ்வளவுதான்.

தராசோட 5 கிலோ எல்லையில பாத்திரமும் சேத்திதான். முறுக்கு மாவு பிசையுற பெரிய அண்டாவை வச்சுட்டு அதுல மூணு கிலோ மாவு போட்டா எர்ரர் காட்டும். மாவைத் தனியா பிரிச்சு நிறுத்துக் கொட்டுங்க.

ஆளுங்களைக் குழப்புறது இன்னொண்ணு இருக்கு. சிட்டிகை சிட்டிகையா மெதுவா போட்டுக்கிட்டே இருப்பீங்க, நம்பர் 0லயே நிக்கும். தராசு கெட்டுப் போகல. ஜீரோ பக்கத்துல மெதுவா ஏறுற எடையை அது ஆட்டம்னு நினைச்சுத் தானா ஜீரோ பண்ணிக்கும். கிண்ணத்தை ஒரு தடவை தூக்கித் திரும்ப வைங்க, உண்மையான எடை வரும்.

முடிச்ச சாமானோட பாக்கெட்டை எடுத்து சிங்க் பக்கம் தள்ளிடுங்க. மேடையில மிச்சம் இருக்குறது இன்னும் போடாதது. பிள்ளை கூப்பிட்டுப் போயிட்டு வந்தாலும் "சோடா போட்டேனா இல்லையா"ங்குற குழப்பம் வராது.

6. சின்ன அளவுகள்

1 கிராம் தராசு 2.6ஐயும் 3ன்னுதான் காட்டும், 3.4ஐயும் 3ன்னுதான் காட்டும். 300 கிராம் மாவுக்கு அது ஒண்ணுமே இல்ல. 3 கிராம் ஈஸ்டுக்கு அது பெருசு. அதனால 10 கிராமுக்குக் கீழ உள்ளதை ஒண்ணு 0.1 தராசுல நிறுங்க, இல்லன்னா அளவு ஸ்பூன்ல தலை தட்டி எடுங்க.

தலை தட்டுறதுன்னா குவிச்சு அள்ளி, கத்தி முதுகால ஒரே இழுப்பு. டப்பாவுக்கு மேல வச்சு வழிங்க, மாவுக் கிண்ணத்துக்கு மேல வேண்டாம், மிச்சம் எல்லாம் உள்ள விழும். டீஸ்பூன் ஒண்ணுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், பேக்கிங் பவுடர் 4, சோடா உப்பு 5ல இருந்து 6, தூள் உப்பு 6. கல் உப்பை அதே ஸ்பூன்ல எடுத்தா நடுவுல இடைவெளி இருக்குறதால எடை குறையும், அதனால ரெசிப்பி தூள் உப்பு சொன்னா தூள் உப்பு.

இங்க இருக்குற ஈரப்பதத்துல பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் கட்டி தட்டும். கட்டியோட அள்ளுனா ஸ்பூன்ல பொந்து விழும், கேக்குல ஒரு இடத்துல மட்டும் பழுப்புப் புள்ளியும் சோப்பு வாசனையும் வரும். முதல்ல உதிர்த்துவிட்டு அளங்க. ஈர ஸ்பூனை உள்ள விடாதீங்க, அதுதான் கட்டி தட்ட முக்கால்வாசிக் காரணம்.

7. திரவம், நெய், ஒட்டுற சாமான்

ஜக்குல அளந்தா, ஜக்கைக் கையில தூக்கிப் பிடிச்சுப் பாக்காதீங்க. மேடையில வச்சு, நீங்க குனிஞ்சு, கோடு கண்ணுக்கு நேரா இருக்கணும். தண்ணி ஓரத்துல கொஞ்சம் மேல ஏறி நிக்கும், நடுவுல தாழ்ந்த இடம்தான் கணக்கு. மேல இருந்து பாத்தா எப்பவும் உள்ளதைவிடக் கூட இருக்குற மாதிரி தெரியும், அதனால குறைச்சு ஊத்திடுவீங்க.

தண்ணி, பால், தேங்காய்ப்பால் இதை எல்லாம் மில்லியையே கிராமா நினைச்சு நிறுத்தாலும் பெரிய தப்பு வராது. எண்ணெயும் நெய்யும் அப்படி இல்ல, 100 மில்லி ஏறக்குறைய 91 கிராம்தான்.

நெய்யைக் கண்டிப்பா நிறுக்கச் சொல்றதுக்குக் காரணம் நம்ம வெயில். டின்னுக்குள்ள மேல பாதி உருகி, அடியில மணல் மணலா நிக்கும். கப்புல அள்ளினா கெட்டி பாகத்துல காத்துப் பொந்து விழும், உருகுன பாகத்துல விழாது. சுஜி பிஸ்கட்டுக்கு மாவும் நெய்யும்தான் உசுரு, நெய் 15 கிராம் கூடுனாலே உருண்டை தட்டையாகும். டின்னைக் கிளறி விட்டுட்டு நிறுங்க.

தேன், கண்டென்ஸ்டு மில்க், கோல்டன் சிரப் மாதிரி ஒட்டுறதுக்கு எனக்குப் பிடிச்ச வழி: பாட்டிலோட தராசு மேல வச்சு டேர் பண்ணிடுங்க. இப்ப பாட்டில்ல இருந்து மாவுல ஊத்திட்டுத் திரும்ப வைங்க. மைனஸ் 60 காட்டுச்சுன்னா 60 கிராம் உள்ள போயிருக்கு. ஸ்பூன்ல ஒட்டுறது, கப்புல ஒட்டுறது எதுவும் கிடையாது, கழுவவும் ஒண்ணும் இல்ல.

8. முட்டை

ரெசிப்பில "ஒரு முட்டை"ன்னா பெரும்பாலும் ஓடு இல்லாம 50 கிராம். நம்ம ஊர் அட்டைப் பெட்டியில 55, 60, 65ன்னு போட்டிருக்குறது ஓட்டோட சேத்து, ஓடு மட்டும் பத்துல ஒரு பங்கு இருக்கும். மூணு முட்டை கேக்குக்கு இதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். ஆனா சுஜி கேக்குக்குப் பத்து மஞ்சக்கரு போடுறவங்க நிறுக்கணும், மஞ்சக்கரு ஒண்ணு 15ல இருந்து 20 கிராம் வரைக்கும் மாறும், பத்து போட்டா 50 கிராம் வித்தியாசம். மஞ்சக்கரு ஒண்ணு 18ன்னு வச்சு 180 கிராம் வர்ற வரைக்கும் உடைங்க.

அரை முட்டை வேணும்னா நல்லா அடிச்சு, 25 கிராம் ஊத்துங்க. மிச்சத்துக்கு ஆம்லெட்.

9. கூட்டுறது, குறைக்கிறது

ரெசிப்பியை ரெட்டிப்பாக்க எல்லாத்தையும் ரெண்டால பெருக்குறதோட சரி, ஆனா டின் மாறுனா அப்படி இல்ல. 6 இன்ச் வட்ட டின்னுல இருந்து 8 இன்ச்சுக்குப் போனா ரெண்டு இன்ச்தானேன்னு நினைக்காதீங்க. 8ஐ 8ஆல பெருக்குனா 64, 6ஐ 6ஆல பெருக்குனா 36, வகுத்தா 1.78. ஏறக்குறைய ஒண்ணே முக்கால் மடங்கு மாவு வேணும். 7 இன்ச்சுக்குன்னா 1.36.

ரொட்டி, பன் போடுறவங்க மாவை 100ன்னு வச்சு மத்ததை அதுக்குச் சதவீதமா எழுதிக்கங்க. தண்ணி 65, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. மாவு 500ன்னா தண்ணி 325, உப்பு 10, ஈஸ்ட் 5. வீட்டுல மாவு 430தான் மிச்சம் இருக்கா, அதையே வச்சுக் கணக்குப் போட்டுக்கலாம், கடைக்கு ஓட வேண்டாம். இந்தக் கணக்கு கப்புல நடக்கவே நடக்காது.

10. தராசு தேவையில்லாத இடம்

சாம்பாருக்குப் பருப்பை நிறுக்காதீங்க, சிரிப்பாங்க. குழம்பு, கூட்டு, ரசம் எல்லாம் ருசி பாத்துச் சரி பண்ண முடியுற வேலை, நடுவுல உப்பு போடலாம், தண்ணி விடலாம். ஓவனுக்குள்ள போயிட்டா திருத்த வழி இல்லாததுக்கும், பாகுக்கும், அகார் அகாருக்கும்தான் தராசு.

சோறுக்கு அந்த 180 மில்லி கப்பே சரி, குக்கர் பானையில போட்டிருக்குற கோடு அந்தக் கப்புக்குத்தான், ஒரு கப் அரிசி 150 கிராம் சுத்தி. இட்லிக்கு நாலுக்கு ஒண்ணுன்னு விகிதம் வச்சு அளக்குறவங்களுக்கும் எந்தக் கப்பா இருந்தாலும் ஒண்ணுதான், அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே கப்பா இருந்தா போதும். அரிசியைக் கிராம்லயும் உளுந்தைக் கப்புலயும் அளந்து கலக்குறதுதான் கூடாது.

அதிரசத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. ஊற வச்சு அரைச்ச ஈர மாவை நிறுத்தா, எவ்வளவு தண்ணி உறிஞ்சியிருக்கோ அதுவும் எடையில சேரும், இங்க மழை நாள்ல காயவே காயாது, ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வரும். ஊறப் போடுறதுக்கு முன்னாடியே காஞ்ச அரிசியை நிறுத்து எழுதிக்கங்க, வெல்லத்தை அந்த நம்பருக்கு நிறுங்க, மாவு எவ்வளவு வந்ததுன்னு பாக்க வேண்டாம்.